அகதி வாழ்வும் மனச்சோர்வும்

மனச்சோர்வைப் பலவீனம் என்றும், சோம்பல் என்றும், நம்பிக்கைக் குறைவு என்றும் பெயரிட்டு ஒதுக்குவது நமது சமுதாயத்தின் பழைய வழக்கம். 'மனத்தைத் திடப்படுத்திக் கொள்' என்ற உபதேசத்தோடு நமது கடமை தீர்ந்ததாக எண்ணி விடுகிறோம். ஆனால், மனத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஒரு மக்கட் கூட்டம் எதை இழந்தது, எதை உண்டு வாழ்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்பவற்றை அறியாது அதன் சோர்வை அறிதல் இயலாது. இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள புத்தளம் மாவட்டமும், அதன் தில்லையடி முதலிய குடியேற்றங்களும் இதற்குச் சான்று பகர்கின்றன.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை அவர்தம் சொந்த மண்ணிலிருந்து விரட்டினர். யாழ்ப்பாண நகரத்து மக்கள் 30ஆம் திகதி ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். பணமும் நகையும் வழியிலேயே பறிக்கப்பட்டன. மன்னார்த் தீவினர் தோணிகளில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வேரறுக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினர். தமிழ் பேசும் மக்களின் விடுதலை என்ற பெயரால் தமிழ் பேசும் மக்களே துரத்தப்பட்ட இக்கொடுமையை நாம் மழுப்புதல் ஆகாது. 2002 ஏப்ரலில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கமே அதனை அரசியல் தவறென ஒப்புக்கொண்டார்.

புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து வந்தோர்க்கு உணவளித்தனர். அந்தப் பெருந்தன்மை போற்றுதற்குரியது. எனினும், சில நாள் விருந்து பல்லாண்டு வாழ்வாக நீண்டபொழுது, இருந்த சிறிதளவு நிலத்துக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் இரு சாராரும் போட்டியிட நேர்ந்தது. கடை வைத்திருந்தவரும் சொந்த வயலை உழுதவரும் பிறர் தோட்டத்தில் வெங்காயம் நடும் கூலிகளாயினர். கிடுகுக் கொட்டிலில் பிறந்த குழந்தைக்கும் 'அகதி' என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. 2009இல் போர் முடிந்த பின்னரும், காடு மண்டிய பழைய காணிக்குத் திரும்புவதா, பிள்ளைகள் வளர்ந்த ஊரிலேயே தங்குவதா என்ற கேள்வி பல குடும்பங்களை வாட்டியது.

இம்மக்களின் உளநிலையைச் செஸ்மல் சிறிவர்தனவும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டனர். புத்தளம் மாவட்டத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரை அவர்கள் விசாரித்தனர். கொடிய நிகழ்ச்சியின் நினைவு மீண்டும் மீண்டும் எழுந்து வருத்தும் நோய் 2.4 சதவீதத்தினரிடமே காணப்பட்டது. கடும் மனச்சோர்வு 5.1 சதவீதம், அதனினும் இலேசான சோர்வு வகைகள் 7.3 சதவீதம், தக்க காரணம் புலப்படாத உடல் உபாதைகளோ 14 சதவீதம். வேலையின்மை, துணையை இழந்தமை, உணவுக்கு உறுதியின்மை ஆகிய மூன்றும் உளத் துன்பத்தோடு நெருங்கிய தொடர்புடையனவாய் இருந்தன.

இப்புள்ளிகள் நமக்கு உணர்த்துவது யாது? விரட்டப்பட்ட அந்த ஒரு நாளை மட்டும் நோக்கினால் போதாது. அதன் பின் வந்த ஆயிரமாயிரம் நாட்கள் — வேலை தேடிய நாட்கள், நிவாரண அரிசிக்குக் காத்திருந்த நாட்கள் — அவையும் மனத்தை அரித்துள்ளன என்றே நாம் கொள்ள வேண்டியுள்ளது.

இவ்வுண்மை புத்தளத்துக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியாவின் மரியந்தால் என்னும் ஆலைக் கிராமத்தில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மரீ யஹோதா, லாசர்ஸ்ஃபெல்ட், ட்ஸைசல் ஆகியோர் அங்கு ஆராய்ந்து 1933இல் நூல் வெளியிட்டனர். வேலையற்றோருக்கு ஓய்வு நேரம் மிகுந்தது. ஆயினும் நூலகத்தில் நூல் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தெருவில் ஆடவரின் நடையே தளர்ந்தது. வேலை பறிபோனபோது கூலி மட்டும் போகவில்லை; நாளின் ஒழுங்கும், தோழமையும், நாளை பற்றிய நினைவும் உடன் போயின.

ஆகவே, இலேசான மனச்சோர்வை இனங்காணல் எங்ஙனம்? துக்கம் எல்லோர்க்கும் வரும். சில நாளில் தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், மனம் கனத்தோ எதிலும் நாட்டமற்றோ இருந்தால் கவனித்தல் வேண்டும். உறக்கம் கெடுதல், பசி மாறுதல், ஓயாத களைப்பு, கவனம் சிதறல், 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணம் ஆகியன அதனோடு சேர்ந்து வரும். இலேசான நிலையில் மனிதர் வேலைக்குப் போவார், சமைப்பார், சிரிக்கவும் செய்வார். ஆனால் ஒவ்வொன்றும் மலையைப் புரட்டுவதாய்த் தோன்றும். பலர் இதனைத் துயரமென்று சொல்லார்; தலையிடி, உடல் உளைச்சல், நெஞ்சடைப்பு என்றே சொல்வர்.

இந்நிலைக்குத் தொடக்கத்திலேயே மாத்திரை தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நேரத்துக்கு உறங்கி எழுதல், நாள்தோறும் நடத்தல், முன்பு பிடித்திருந்த ஒரு சிறு காரியத்தை மனம் மறுத்தாலும் செய்தல், பெரிய பிரச்சினையைக் கூறுபடுத்தி ஒன்றை மட்டும் இவ்வாரம் தீர்க்க முயலல், நம்பத்தக்க ஒருவரிடம் மனந்திறத்தல் ஆகியன பயன் தருவன. கோவாவில் சாதாரண மக்களைப் பயிற்றி, அவர்கள் வாயிலாக இத்தகைய முறைகளால் கடும் சோர்வையும் தணிக்க முடிந்ததென 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. சோர்வு வளர்ந்தாலோ, உயிரை மாய்க்கும் எண்ணம் தலைகாட்டினாலோ தாமதமின்றி வைத்தியரை நாடல் வேண்டும். இலங்கையில் 1926 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிட்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வகுப்பில் திடீரென மௌனமான பிள்ளையையும், அடிக்கடி தலையிடி என்று வரும் தாயையும் முதலில் காண்போர் நீங்களே. அவர்களிடம் உபதேசத்தை விடுத்து, 'இராத்திரி நித்திரை வருகிறதா?' என்று கேளுங்கள். பதிலைப் பொறுமையோடு செவிமடுங்கள். அத்துடன் நின்றுவிடவும் வேண்டாம். காணியும் வேலையும் கூரையும் இல்லாத மனிதனிடம் நடைப்பயிற்சியை மட்டும் பரிந்துரைப்பது பரிகாசமாகும். தனி மனிதனின் மனப்புண்ணை ஆற்றும் கையும், அப்புண்ணைத் தோற்றுவித்த அநீதிக்கு எதிராக உயரும் கையும் ஒரே உடலின் இரு கைகளாதல் வேண்டும்.