புதரை வென்ற கருவிகள்

காடு கொன்று நாடாக்கிய நாள்முதல் உழவன் ஓயாது எதிர்த்துவரும் பகை புதர் ஆகும். ஈராண்டு கவனியாது விட்டால் போதும். புல்லும் கொடியும் முள்ளும் நிலத்தைத் தம் உடைமையாக்கிக் கொள்ளும். அந்நிலத்தை மீட்க எக்கருவியைத் தெரிந்தெடுப்பது என்னும் வினாவிற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை கூறிற்று. அவ்விடைகளின் வரலாற்றை மலாயா ரப்பர்த் தோட்டங்களில் தெளிவாகக் காணலாம்.

1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரை அடைந்த 22 ரப்பர் நாற்றுகளுள் சில கோலகங்சாரில் நடப்பெற்றன. 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பரின் விலை உயரவே, பெருங்காடுகள் வீழ்த்தப்பட்டன. கோடரி மரத்தைச் சாய்த்தது. பாராங் கத்தி புதரை அறுத்தது. எஞ்சியதைத் தீ உண்டது. மரம் வீழ்த்தும் பணியைப் பெரும்பாலும் மலாய், சீனக் குத்தகைக் குழுவினர் செய்து முடித்தனர். அதன்பின் ஆண்டு முழுதும் ஓயாத களையெடுப்போ தமிழ்த் தொழிலாளர் தோள்மேல் விழுந்தது. ஆடவரோடு பெண்டிரும் சிறுவரும் மண்வெட்டியும் கத்தியும் ஏந்தி வெயிலில் குனிந்து நின்றனர்.

அவர்தம் பெரும்பகை லாலான் புல். மேலே அறுத்தாலும் எரித்தாலும் அதன் நிலத்தடித் தண்டு சாவதில்லை. சில நாள்களில் மீண்டும் துளிர்க்கும். ஒரு புல்லும் தோன்றலாகாது எனத் தோட்ட நிருவாகத்தினர் தரையைத் துடைத்து வைத்தனர். அதன் விளைவாக மலைச்சரிவுகளில் மேல்மண் மழைநீரோடு ஓடிற்று. லாலானை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்னும் நஞ்சும் தெளிக்கப்பட்டது. புல்லைக் கொன்ற அந்நஞ்சு கால்நடைக்கும் மனிதருக்கும் கேடு பயப்பதாகவே இருந்தது.

இதே காலத்தில் மேலைநாடுகளில் மற்றொரு விடை உருப்பெற்று வந்தது. டிராக்டர் எந்திரத்தின் ஆற்றலைச் சுழல்தண்டு ஒன்றின் வழியே பின்னுள்ள கருவிக்குச் செலுத்தும் முறையை 1918இல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்தது. நிமிடத்திற்கு 540 சுற்று என்பது பின்னர் அத்தண்டின் பொது அளவாயிற்று. ஹாரி பெர்குசன் வகுத்த மும்முனை இணைப்பு, 1939இல் வெளிவந்த போர்டு-பெர்குசன் டிராக்டரால் பரவிற்று. 1951இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரில் 'புஷ் ஹாக்' என்னும் சுழல்வெட்டி பிறந்தது. இரும்புக் கூரையின்கீழ், நிலத்திற்கு இணையாகச் சுழலும் கனத்த அலகுகள் புதரை அடித்து வெட்டுகின்றன. அடிமரத்தில் மோதினால் அலகு பின்மடங்கிக் கொள்ளும். பல பொறிகளில் அதிர்ச்சி மிகும்போது ஓர் ஆணி தானே முறிந்து பற்சக்கரப் பெட்டியைக் காக்கும்.

எனினும், பொறி வந்ததனால் தேர்வு எளிதாகிவிடவில்லை. மும்முனையில் பொருத்தும் வெட்டி, குறுகிய இடத்தில் திரும்பவும் பின்செல்லவும் ஏற்றது; ஆனால் அதன் முழுப்பளுவும் டிராக்டரின் பின்புறம் தொங்குவதால், மேட்டில் ஏறுகையில் முன்சக்கரங்கள் தரையில் நிலைகொள்ளா. தன் சக்கரங்களில் உருண்டுவரும் இழுவை வெட்டி அப்பளுவைத் தானே தாங்கும். அகன்ற வெளிநிலத்தில் விரைந்து பணி முடிக்கும். ஆயினும், அதனைப் பின்னோக்கிச் செலுத்துதல் அரிது. வெட்டும் அகலத்தில் ஓரடிக்கு ஏறத்தாழ 5 குதிரைத்திறன் வேண்டும் என்பது பொதுக்கணக்கு. அதன்படி ஐந்தடி வெட்டிக்கு 25 குதிரைத்திறன் தேவை; அடர்ந்த புதராயின் அதனினும் மிகுதி வேண்டும். தண்டின் பருமன் எவ்வளவு, கல்லும் அடிமரமும் மறைந்துள்ளனவா, சரிவு எத்தகையது என்பவற்றை முதலில் நடந்து பார்த்தறிதல் வேண்டும். சுழலும் அலகு கல்லை எறிந்தால் அது குண்டெனப் பாயும். ஆதலின் காப்புச் சங்கிலியின்றிப் பொறியை இயக்குதல் தகாது. படிவரிசை வெட்டிய செங்குத்துச் சரிவில் கைக்கத்தியே இன்றும் தகுந்த கருவி. பொருளின் விலையை நோக்கி நிலத்தை மறப்பவன் பொறியையும் இழப்பான். சில வேளை உயிரையும் இழப்பான்.

இத்துணை ஆற்றல் வாய்ந்த பொறியும் லாலானின் தழையைத்தான் வெட்டும். நிலத்தடித் தண்டைத் தொடாது. அப்புல்லுக்குப் பகை நிழலே ஆகும். புவரேரியா, செண்ட்ரோசீமா போன்ற அவரையினக் கொடிகளை மூடுபயிராக வளர்த்தபோதுதான் மண் காக்கப்பெற்றது, லாலானும் ஒடுங்கிற்று. வெட்டுதல் தொடக்கம், வெட்டிய இடத்தில் எதனை வளர்ப்பது என்பதே முடிவு. பல்லாண்டு தெளிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேசியா முற்றாகத் தடைசெய்தது. ஆதலின் வெட்டும் கருவியைத் தேர்ந்தறியும் அறிவு இன்று மேலும் இன்றியமையாததாயிற்று.

ரப்பர் நட்டவர் பெயரும் பொறி கண்டவர் பெயரும் வரலாற்றில் நிற்கின்றன. லாலானோடு நாள்தோறும் போரிட்ட களையெடுப்பாளர் பெயர்களோ எழுதப்படவில்லை. பொறி அவர்தம் வளைந்த முதுகுகளை நிமிர்த்த வந்த ஒன்றாகும். அதனை இயக்கப்போகும் இளைஞன், அதன் விசையை அறிவதோடு, அது இல்லாத காலத்தில் அவ்வேலையைச் செய்த கைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவை அவனுக்கு ஊட்டுவது ஆசிரியர் கடனாகும்.