எக்ஸ் அணியும் அன்டிகோனிஷ் ஊரும்

கனடாவின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், அன்டிகோனிஷ் என்றொரு சிற்றூர் உண்டு. நகர எல்லைக்குள் குடியிருப்போர் 5,000 பேருக்கும் குறைவு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிப்போரும் ஏறக்குறைய அதே அளவினர்தாம். செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கினால் ஊரே இரட்டிப்பாகிவிடும். அப்பல்கலைக்கழகத்தின் பெயர் செயின்ட் பிரான்சிஸ் சேவியர். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழில் செபங்களை மனப்பாடம் செய்துகொண்டு, பரதவர் ஊர்கள்தோறும் கால்நடையாய் நடந்த அதே சவேரியார்தான். கோட்டாற்றில் அவருக்குத் திருவிழா நடக்கும் டிசம்பர் 3ஆம் நாளில்தான் அன்டிகோனிஷில் இறுதியாண்டு மாணவர்களுக்கு 'எக்ஸ்' பொறித்த மோதிரம் அணிவிக்கிறார்கள். பனிக்குளிரில் நீலமும் வெள்ளையுமாய் இறங்கும் ஆட்டக்காரர்களின் மார்பிலும் அந்த ஒற்றை எழுத்துத்தான். ஆடவர் அணி எக்ஸ்-மென்; மகளிர் அணி எக்ஸ்-விமன்.

இத்தனை சிறிய நிறுவனம், அதைப்போல் பத்து மடங்கு பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதி, ஃபுட்பால், கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி, மகளிர் ரக்பி என நான்கு ஆட்டங்களில் தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. இது எப்படிக் கைகூடியது என்ற கேள்விக்குப் பணம், வசதி, திறமை என்று பலர் பல விடை சொல்லலாம். நான் சொல்ல விரும்புவது வேறு. அங்கே வந்து சேர்ந்தவர்கள் நீண்ட காலம் தங்கினார்கள். ஊரும் அவர்களைத் தன்னவர்களாகவே வைத்துக்கொண்டது.

ஊரின் வரலாற்றைக் கொஞ்சம் பார்த்தால் இது விளங்கும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து கப்பலேறி வந்த கத்தோலிக்கக் குடியானவர்கள் குடியேறிய பகுதி அது. 1853இல் கேப் பிரெட்டன் பகுதியின் அரிஷாட்டில் தொடங்கிய கல்லூரி, இரண்டே ஆண்டுகளில் அன்டிகோனிஷுக்கு இடம்பெயர்ந்தது. 1866இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1863இல், ஊரார் 'ஹைலண்ட் கேம்ஸ்' என்னும் மலைநாட்டு விளையாட்டு விழாவைத் தொடங்கிவிட்டார்கள். பைப் இசை முழங்க, மரத்தடியைத் தூக்கியெறிந்தும் கல் வீசியும் பலம் காட்டும் அவ்விழா இன்றும் நடக்கிறது. பல்கலைக்கழகம் தன் அணிகளை உருவாக்கியபோது, கைதட்டப் பழகிய ஒரு கூட்டம் ஊரில் முன்னமே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1928இல் இப்பல்கலைக்கழகம் புறவிரிவுத் துறை ஒன்றை நிறுவியது. மோசஸ் கோடி என்ற பாதிரியாரின் தலைமையில் பேராசிரியர்கள் மீனவக் குப்பங்களுக்கும் சுரங்க ஊர்களுக்கும் போனார்கள். சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பு வட்டங்கள் நடத்தினார்கள். கூட்டுறவுச் சங்கங்களும் கடன் சங்கங்களும் அவற்றிலிருந்து முளைத்தன. அன்டிகோனிஷ் இயக்கம் என்று உலகம் அறிந்தது இதைத்தான். கோடியின் பெயரால் 1959இல் எழுந்த நிறுவனத்துக்கு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் சமூகப் பணியாளர்கள் பயிற்சிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். விளையாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தன்னைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்ளாத பல்கலைக்கழகம் அது. அதன் அணியை ஊரார் தங்கள் அணி என்று சொல்வதில் வியப்பில்லை.

கனடாவின் பல்கலைக்கழக விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நாடு முழுமைக்குமான அமைப்பு யு ஸ்போர்ட்ஸ். 2016இல்தான் இப்பெயர் வந்தது. அதன்கீழ் கிழக்குக் கடலோர மாகாணங்களுக்கென அட்லாண்டிக் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பு இயங்குகிறது. இதன் வேர் 1910 வரை போகிறது. ஒரு மாணவர் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் ஆடலாம். விளையாட்டுக்காகத் தரும் உதவித்தொகை, கல்விக் கட்டணத்தையும் கட்டாயக் கட்டணங்களையும் தாண்டக்கூடாது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவரவர் பாடு. முந்தைய ஆண்டில் 18 கிரெடிட், அதாவது ஆறு தாள்கள், தேறியிருந்தால்தான் அடுத்த ஆண்டு களமிறங்க முடியும். அணியில் ஆடிக்கொண்டே 80 விழுக்காடு மதிப்பெண் எடுப்பவருக்கு 'அகடமிக் ஆல்-கனடியன்' என்ற தேசிய அளவிலான பாராட்டு உண்டு. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் பணத்தில் மிதக்கும் கல்லூரி விளையாட்டோடு ஒப்பிட்டால் இதெல்லாம் மிக எளிய ஏற்பாடு. இந்த எளிமையே இதன் காப்பு என்பது என் துணிபு. பெரிய தொகையைக் காட்டி ஆளைக் கவர வழியில்லாத இடத்தில், நல்ல பயிற்சியாளரும் நல்ல வகுப்பறையுமே ஆளை இழுக்கின்றன.

அப்படி இழுத்தவர்களில் முதலில் வைக்க வேண்டியவர் ஸ்டீவ் கொஞ்சால்ஸ்கி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்தவர். கூடைப்பந்து ஆட நோவா ஸ்கோஷியாவின் அக்கேடியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1965இல் அக்கேடியா முதன்முறையாகத் தேசியப் பட்டம் வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் இவரே. பின்னர் டல்ஹௌசியில் சட்டம் படித்தார். வழக்குரைஞராகி வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் 1975இல் அன்டிகோனிஷுக்குப் பயிற்சியாளராக வந்தார். 2021 வரை, 46 ஆண்டுகள், அந்தப் பதவியிலேயே இருந்தார். அக்கேடியா எக்ஸ் அணிக்குப் பரம எதிரி என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

1993, 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் இவருடைய அணி தேசியப் பட்டம் வென்றது. மொத்தம் 919 வெற்றிகள். கனடியப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் வேறெந்தப் பயிற்சியாளரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை. கோடைக்காலங்களில் தேசிய அணியோடு இருந்தார். அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஜாக் டொனஹூவின் உதவியாளராக 1976 மான்ட்ரியால், 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்குகளில் கனடா நான்காம் இடம் பிடித்ததிலும், 1983இல் எட்மன்டன் பல்கலைக்கழக உலகப் போட்டியில் தங்கம் வென்றதிலும் இவருக்குப் பங்குண்டு. 1990களில் தேசிய அணிக்கே தலைமைப் பயிற்சியாளரானார். இத்தனைக்கும் பிறகு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் திரும்பி வந்தது இந்தச் சிற்றூரின் ஓலண்ட் சென்டர் என்னும் உடற்பயிற்சிக் கூடத்துக்குத்தான்.

'கோச் கே' என்றால் உலகம் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து மைக் ஷஷெவ்ஸ்கியை நினைக்கும். அவர் டியூக்கில் சேர்ந்தது 1980இல். நோவா ஸ்கோஷியாவில் அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே ஒரு கோச் கே வேலையைத் தொடங்கியிருந்தார். ஓய்வுபெறப் போவதாக அறிவித்துவிட்டு 2020–21 பருவத்துக்குக் காத்திருந்தார் கொஞ்சால்ஸ்கி. கொரோனாவால் அந்தப் பருவமே ரத்தாயிற்று. வழியனுப்பும் ஆட்டம் ஒன்றுகூட இல்லாமல் அவர் விலக நேர்ந்தது எனக்கு இன்னும் மனக்குறைதான். அவருக்குப்பின் பொறுப்பேற்றவர் டைரல் வெர்னன். கொஞ்சால்ஸ்கியிடமே ஆடிப் பழகிய மாணவர்.

ஃபுட்பாலில் இதற்கு முந்தைய தலைமுறைப் பயிற்சியாளர் டான் லோனி. கனடிய ஃபுட்பால் அமெரிக்க ஆட்டத்தின் உறவுதான். ஆனால் அணிக்கு 12 பேர், 110 கெஜ நீளக் களம், முன்னேற மூன்றே வாய்ப்புகள். தேசியப் பட்டத்துக்கான வேனியர் கோப்பை 1965இல் தொடங்கியது. மறு ஆண்டே லோனியின் எக்ஸ் அணி வாட்டர்லூ லூத்தரனை 40–14 என்று வென்று அதைக் கைப்பற்றியது. அட்லாண்டிக் பகுதியின் இறுதி ஆட்டத்துக்கு இன்றும் 'லோனி போல்' என்றுதான் பெயர்.

மகளிர் ரக்பியின் கதை அண்மைக் காலத்தது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. பெண்களுக்குப் பட்டம் வழங்கிய வட அமெரிக்காவின் முதல் கத்தோலிக்கக் கல்வி நிறுவனம் இது, ஆண்டு 1897. நூறாண்டுக்குப் பின் அப்பெண்களின் பேத்தியரின் மகள்கள் சேற்றில் புரண்டு ரக்பி ஆடினார்கள். 2006இல் முதல் தேசியப் பட்டம், 2018க்குள் ஆறு. மைக் கவனாவின் பயிற்சியில் வளர்ந்த அந்த அணியை ஒன்டாரியோவின், மேற்கு மாகாணங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் எதிர்கொள்ளத் தயங்கின. தொலைதூர ஓட்டத்தில் எரிக் கில்லிஸ் வேறு வகை. அன்டிகோனிஷிலேயே வளர்ந்து, எக்ஸ் அணிக்கு ஓடி, மூன்று ஒலிம்பிக்குகளில் கலந்துகொண்டு, 2016 ரியோ மராத்தானில் பத்தாம் இடம் பிடித்தவர். அவரும் பின்னர் ஊர் திரும்பி, தாம் ஓடிய அணிக்கே பயிற்சியாளரானார்.

குளிர்காலத்தில் இந்த மாணவர்களின் வாரம் எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸ் சுமார் 220 கிலோமீட்டர் தொலைவு. பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கில் ஆட்டம் என்றால் 104ஆம் நெடுஞ்சாலையில் கோபிகுவிட் கணவாயைத் தாண்ட வேண்டும்; பனிப்புயல் அடித்தால் முன்னே போகும் லாரியின் விளக்குகூடத் தெரியாது. பேருந்தின் பின்னிருக்கைகளில் ஹாக்கிப் பைகள், மடியில் உடற்கூறியல் புத்தகம், திங்களன்று தேர்வு. நள்ளிரவு தாண்டி ஊர் வந்து, காலை வகுப்பில் உட்கார்ந்தால், பேராசிரியருக்கு ஆட்ட முடிவு முன்னமே தெரிந்திருக்கும். வராதவர் யார் என்பதும் தெரிந்திருக்கும். சிறிய இடத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. விளையாட்டு வீரருக்கு இதைவிட நல்ல கண்காணிப்பு வேறில்லை.

ஐஸ் ஹாக்கி பற்றிய கவலை ஒன்றையும் இங்கே பதிந்துவைக்கிறேன். 2004இல் எக்ஸ் அணி தேசியக் கோப்பையை வென்றது. அட்லாண்டிக் பல்கலைக்கழகங்களின் ஹாக்கி இவ்வளவு தரமாக இருப்பதற்குக் காரணம், 'மேஜர் ஜூனியர்' லீகுகளில் ஆடி முடித்து இருபது, இருபத்தொரு வயதில் படிக்க வரும் இளைஞர்கள். அங்கே ஆடிய ஒவ்வொரு பருவத்துக்கும் ஓராண்டுக் கல்விச் செலவை லீக் ஏற்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்போ அவர்களைத் தொழில்முறை ஆட்டக்காரர்களாகக் கருதி ஒதுக்கி வைத்திருந்தது. 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்க முடிவாயிற்று. 2025 ஆகஸ்டு முதல் அவர்களுக்கும் அமெரிக்கக் கல்லூரிகளின் கதவு திறந்துவிட்டது. சிறந்த ஆட்டக்காரர்களில் ஒரு பங்கு தெற்கே போகும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மேஜர் ஜூனியரில் ஆடுபவர்களில் பெரும்பாலோருக்குத் தொழில்முறை ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் வாய்ப்பு கிடைப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளிலும் எல்லாருக்கும் இடம் இராது. பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் போய், ஹாக்கியையே நம்பி வாழ்ந்து, இருபத்தொன்றில் அடுத்து என்ன என்று நிற்கும் இளைஞனுக்கு ஆசிரியப் பயிற்சியோ உடலியக்கவியல் பட்டமோ தந்து, கூடவே ஐந்தாண்டு ஆட்டமும் தருகிற இடம் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும். உதவித்தொகை விதிகளைத் தளர்த்த வேண்டும் என்று இப்போது குரல்கள் எழலாம். பணப் போட்டியில் அன்டிகோனிஷ் ஒருநாளும் வெல்லப்போவதில்லை. பயிற்சியாளர்களை இருபது முப்பது ஆண்டுகள் தங்க வைக்கும் வழக்கத்தைக் காப்பாற்றுவதுதான் அங்கே இப்போது முதல் வேலை. அவர்களின் சம்பளத்தில் வெட்டு விழுமானால் அதைத்தான் ஊரார் முதலில் எதிர்க்க வேண்டும்.