கென்டக்கி-31: ஒரு விதைக்கலவையின் கதை

நிலக்கரி எடுத்து முடித்த நிலத்தில் எதை விதைப்பது? கேட்டால் ஏதோ வேளாண் அலுவலர் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளில், அதாவது கிழக்குக் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா பக்கம், இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் பல லட்சம் ஏக்கர் நிலத்தின் தலையெழுத்தை மாற்றியிருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: ஒரு விதைப் பட்டியலைப் பார்த்தே, அதை எழுதியவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று சொல்லிவிடலாம்.

முதல் பயம் மண்சரிவு. 1970-கள் வரை அங்கே மலையின் இடுப்பைச் சுற்றி வெட்டி நிலக்கரியை எடுப்பார்கள். தோண்டிய மண்ணையும் பாறையையும் அப்படியே சரிவில் தள்ளிவிடுவார்கள். மழை பெய்தால் அது வீட்டு மேலேயும் வரும், ஓடையிலும் இறங்கும். 1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ க்ரீக்கில், நிலக்கரிக் கழிவைக் கொட்டிக் கட்டிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். 4000-க்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். அது சரிவு இல்லை, அணை உடைப்பு. ஆனாலும் சுரங்கக் கழிவை இனி இப்படி விட்டுவைக்க முடியாது என்கிற எண்ணம் வலுத்தது. நாடாளுமன்றம் அனுப்பிய மசோதாவை அதிபர் ஃபோர்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார். கடைசியில் 1977 ஆகஸ்ட் 3 அன்று கார்ட்டர் கையெழுத்துப் போட்டார்.

சட்டம் கறாரானது. மலையைக் கிட்டத்தட்ட பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நிறுவனம் முன்கூட்டியே பிணைத்தொகை கட்ட வேண்டும். செடிகொடி நிலைத்துவிட்டது என்று காட்டினால்தான் அந்தத் தொகை முழுசாகத் திரும்பும். அதற்குப் பொறுப்புக் காலம் மழை அதிகமுள்ள கிழக்கில் 5 ஆண்டு, வறண்ட மேற்கில் 10 ஆண்டு. அந்த மண்ணுக்குரிய, பலவகைப்பட்ட, தானாகவே பெருகும் தாவரங்கள் வேண்டும் என்றுதான் சட்டமும் சொன்னது. கூடவே ஒரு விலக்கு: நிலத்தைப் பிறகு பயன்படுத்தப்போகும் விதத்துக்குத் தேவை என்றால் வெளியூர் இனங்களையும் விதைக்கலாம்.

இப்போ நீங்களே அந்த நிறுவனத்தின் இடத்தில் இருந்து பாருங்கள். 5 வருஷத்தில் பச்சை தெரிய வேண்டும், மண் அரிக்கக் கூடாது, செலவும் குறைய வேண்டும். ஓக் மரமா நடுவீர்கள்? புல்தான்.

அந்தப் புல்லும் கையருகிலேயே இருந்தது. 1931-ல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் இ. என். ஃபெர்கஸ் என்பவர் மெனிஃபீ கவுண்டிக்குச் சோளப்பாகுப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போனார். அங்கே சூட்டர் என்ற விவசாயியின் மலைச்சரிவில் குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கும் ஒரு புல்லைப் பற்றிச் சொன்னார்கள். ஃபெர்கஸ் விதை வாங்கி வந்து சோதித்தார். 1943-ல் ‘கென்டக்கி-31’ என்று வெளியானது அந்த ஃபெஸ்க்யூ புல். பூர்வீகம் ஐரோப்பா. மட்டமான மண், வறட்சி, மாடு மிதிப்பது எல்லாவற்றையும் தாங்கும்.

தோண்டிப்போட்ட பாறைத்தூளில் தழைச்சத்து கிடையாது. அதனால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பயறுக் குடும்பச் செடி ஒன்றும் சேர வேண்டும். அந்த இடத்துக்குக் கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த செரிசியா லெஸ்பெடீசா வந்தது. அமிலமண்ணிலும் அது முளைக்கும். இந்த விதைகளை உரம், மரக்கூழ், தண்ணீரோடு கலந்து, டேங்கரிலிருந்து பெரிய குழாயால் சரிவின்மேல் பீய்ச்சிவிட்டால் வேலை முடிந்தது. அதற்கு முன்னால் புல்டோசரை மேலும் கீழும் ஓட்டி மண்ணை இறுக்கி, வழவழவென்று சமன் செய்துவிடுவார்கள். சரியாமல் இருக்கணுமே!

மலை பச்சையானது. பிணைத்தொகையும் திரும்பியது. காடு மட்டும் திரும்பவில்லை.

காரணம் மர்மமில்லை. ஃபெஸ்க்யூ மெத்தை மாதிரி அடர்ந்து, மரக்கன்றுக்குப் போக வேண்டிய தண்ணீரையும் சத்தையும் தானே குடித்துவிடும். புல்லுக்குள் ஒளியும் எலிகள் கன்றின் பட்டையைக் கடிக்கும். செரிசியா இடுப்புயரத்துக்கு மேல் வளர்ந்து நிழல் கட்டிவிடும். அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். (கான்சஸ் மாநிலம் 2000-ல் அதைக் களையாகவே அறிவித்துவிட்டது.) இதெல்லாம் போக, இறுகிய மண்ணுக்குள் வேரே இறங்காது. பல இடங்களில் காகிதத்தில் ‘மேய்ச்சல் நிலம்’ என்று இருந்தது. மேய மாடுதான் இல்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய கதை. டெஸ்ட் எதை அளக்குதோ, கோடு அதுக்கேத்த மாதிரி வளையும். இங்கே டெஸ்ட் அளந்தது தரையில் எத்தனை சதவீதம் பச்சை என்பதை. கலவை அதற்காகவே அமைந்தது.

இதில் இன்னொரு முரண். 1977-க்கு முன் கண்டபடி கொட்டிவிட்டுப் போன சில இடங்களில் நல்ல காடு வளர்ந்திருப்பதை வர்ஜீனியா டெக்கின் ஜேம்ஸ் பர்கர் போன்ற ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மண் தளர்வாகக் கிடந்ததால் அங்கே வேர் இறங்கியது. 2004-ல் மத்தியச் சுரங்க அலுவலகமும் ஏழு மாநிலங்களும் சேர்ந்து ஒரு மறுகாடாக்கத் திட்டம் தொடங்கின. அதன் வழிமுறையில் ஐந்து படிகள்: குறைந்தது 4 அடி ஆழத்துக்கு நல்ல மண், அதைத் தளர்வாகப் பரப்புவது, மரத்தோடு சண்டை போடாத தரைமூடி, சீக்கிரம் வளரும் மரமும் விலைபோகும் மரமும் கலந்து நடுவது, ஒழுங்கான நடவு.

மூன்றாவது படிதான் நம்ம விஷயம். புதுக் கலவையில் ஃபெஸ்க்யூவும் செரிசியாவும் இல்லை. குட்டையாக, கொத்துக்கொத்தாக வளரும் புல் வகைகள், ட்ரெஃபாயில், வெள்ளை க்ளோவர், அதுவும் குறைந்த அளவில். தழைச்சத்து உரத்தையும் குறைத்தார்கள், ஏனென்றால் அது புல்லைத்தான் கொழுக்க வைக்கும். முதல் பருவத்தில் மண்ணைப் பிடித்து வைக்க ஓராண்டுப் பயிர் ஒன்றும் வேண்டும். வசந்தகால விதைப்புக்கு வர்ஜீனியா டெக் கலவையில் சொல்லியிருப்பது என்ன தெரியுமா? தினை! நம்ம மலைத் தினையேதான். சட்டென்று முளைத்து, மண்ணைப் பிடித்து, பனி வந்ததும் செத்து, கன்றுக்கு இடம் விட்டுவிடும்.

இந்தக் கலவையில் முதல் வருஷம் மலை அங்கங்கே சொட்டையாகத் தெரியும். பழைய கண்ணுக்கு அது தோல்வி. ஆனால் அந்தச் சொட்டையில்தான் பக்கத்துக் காட்டின் விதைகள் வந்து விழும்.

புல்வெளியால் நன்மையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1997 முதல் 2002 வரை கென்டக்கி மேற்கு மாநிலங்களிலிருந்து 1500-க்கும் மேற்பட்ட எல்க் மான்களைக் கொண்டுவந்து விட்டது. சுரங்கப் புல்வெளிகளில் அவை பெருகியிருக்கின்றன. காட்டுக்குத் திரும்ப வேண்டிய பழைய புல்வெளிகளின் கதை வேறு. அங்கே பெரிய புல்டோசரில் கலப்பை மாட்டி மண்ணைக் கிழித்து, புல்லை ஒழித்து, அப்புறம்தான் கன்று நட முடிகிறது. நிலத்தை இறுக்கியதற்கு ஒரு செலவு, அதைத் தளர்த்த இன்னொரு செலவு.

1977-ல் சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர்கள் கண்முன் சரிவும் சாவும் இருந்தன. அந்தப் பயத்துக்குப் புல் சரியான பதில்தான். ஆனால் சரிவு நின்ற பிறகும், அடுத்த கலவைக்கு மாறக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. ஒரு ஓக் கன்று நல்ல மரமாக நிமிர அவ்வளவு காலம் போதும்.