காய்ச்சாத பாலின் கதை

1858ஆம் ஆண்டு மே மாதம், ‘ஃபிராங்க் லெஸ்லீஸ் இல்லஸ்ட்ரேட்டட் நியூஸ்பேப்பர்’ என்ற வார இதழ் வெளியிட்ட சில படங்கள் நியூயார்க் நகரைத் திடுக்கிட வைத்தன. மதுவடிக்கும் ஆலைகளை ஒட்டிய இருண்ட கொட்டில்களில் மாடுகள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன. வடித்தது போக மிஞ்சிய சூடான கழிவே அவற்றின் தீவனம். நோயில் விழுந்த மாட்டைக்கூடக் கயிறு கட்டித் தூக்கி நிறுத்திக் கறந்தார்கள். நீலம் பாய்ந்த அந்தப் பாலில் மாவும் சுண்ணாம்பும் கலந்து, கிராமத்துத் தூய பால் என்று கூவி விற்றார்கள். குடித்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இறந்ததாக அக்காலச் சீர்திருத்தவாதிகள் குற்றஞ்சாட்டினர்.

காய்ச்சாத பால் குறித்து இன்றும் ஓயாத விவாதத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கிராமத்தில் கறந்தவரும் குடித்தவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். நகரம் வளர்ந்தபோது இருவருக்கும் நடுவே தொலைவும் பல கைகளும் வந்து சேர்ந்தன. பாலின் ஆபத்து அந்தத் தொலைவில் பெருகியது.

1893ஆம் ஆண்டில் இதற்கு இரண்டு விடைகள் பிறந்தன. நியூஜெர்சியின் நெவார்க் நகர மருத்துவர் ஹென்றி கோயிட் பாலைச் சூடாக்காமலே காக்க விரும்பினார். மருத்துவர் குழு ஒன்றின் மேற்பார்வையில் மாடுகளும் கறப்பவரும் சோதிக்கப்பட்டு, சான்று பெற்ற பால் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ‘மேசிஸ்’ அங்காடியின் உரிமையாளர்களுள் ஒருவரான நேதன் ஸ்ட்ராஸ், நியூயார்க்கின் ஏழைகளுக்காகப் பால் நிலையம் திறந்தார். லூயி பாஸ்டர் மதுவைக் கெடாமல் காக்கக் கண்டறிந்த, மிதமாகச் சூடாக்கும் முறையையே அவர் பாலுக்குக் கையாண்டார்.

இருவரும் குழந்தைகள் பிழைக்க வேண்டும் என்றே விரும்பினர் என்பது கவனிக்கத்தக்கது. சூடாக்குதலை எதிர்த்தவர்களும் மூடர்கள் அல்லர். சூடாக்கினால் பண்ணையாளர்கள் சுத்தத்தைக் கைவிடுவார்கள் என்றும், குழந்தைகளுக்கு ஸ்கர்வி நோய் வரும் என்றும் அவர்கள் அஞ்சினர். பின்னது ஆதாரமற்ற அச்சமும் அன்று. சூடு வைட்டமின் சியைக் குறைக்கும். ஆரஞ்சுச் சாறு அக்குறையைத் தீர்த்தது.

ஆனால் சான்று பெற்ற பாலின் விலை ஏழைக்கு எட்டவில்லை. சுத்தம் மட்டும் போதும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. 1901இல் லண்டன் மாநாட்டில் ராபர்ட் கோக், மாட்டின் காசநோயால் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை என்றார். பிரிட்டனின் அரச விசாரணைக் குழு பத்தாண்டு ஆராய்ந்து, 1911இல் அது தவறு என்று நிறுவியது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரில் பரவிய கடும் தொண்டை நோய், சுத்தத்துக்குப் பெயர்பெற்ற பண்ணை ஒன்றின் காய்ச்சாத பாலிலிருந்து கிளம்பியது. சிகாகோ 1908லேயே பாஸ்டர் முறையைச் சட்டமாக்கிவிட்டிருந்தது. பிற நகரங்களும் தொடர்ந்தன.

அப்படியானால் காய்ச்சாத பாலில் நன்மையே இல்லையா? 2011இல் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் பள்ளிக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு வெளியானது. காய்ச்சாத பண்ணைப் பால் குடித்தவர்களிடம் ஆஸ்துமா குறைவாக இருந்தது. காய்ச்சிக் குடித்தவர்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை. சூட்டில் சிதையும் மோர்ப்புரதங்கள் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். ஆயினும் கிருமிகளை எண்ணி, அதைக் குடிக்குமாறு அவர்கள் பரிந்துரைக்கவில்லை. 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளின் காய்ச்சாத பாலில் பறவைக் காய்ச்சல் வைரஸ் கண்டறியப்பட்டபோது அந்த எச்சரிக்கை மீண்டும் பொருள் பெற்றது.

அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இவ்விவாதம் அயலானதாகத் தோன்றலாம். ஆனால் சூட்டில் நாம் எதையோ இழக்கிறோம் என்ற ஐயம் முழுப்பொய் அன்று. அந்த இழப்பு எத்தனை குழந்தைகளின் உயிருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது என்பதை மறப்பதே பிழை. ஸ்ட்ராஸின் நிலையத்தில் வரிசையில் நின்ற தாய்மார்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.