நீர்மூழ்கி மோட்டாரும் ஒரு விதிவிலக்கும்: கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர்களின் பணி

தியாகராய நகர் ஓர் ஏரியின் மேல் எழுந்த ஊர். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட இக்குடியிருப்புக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டது. தாழ்ந்த நிலமாதலால் மழைநீரும் கழிவுநீரும் இங்கே தாமாக ஓடி வடிந்துவிடுவதில்லை. கழிவுநீரைக் கிணறுகளில் சேர்த்து, மோட்டார் வைத்து ஏற்றித்தான் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அனுப்ப வேண்டும். மேற்கே நெசப்பாக்கத்தில் 1974 முதல் அத்தகைய நிலையம் ஒன்று இயங்குகிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, பெருங்குடி ஆகியவை சென்னைக் குடிநீர் வாரியத்தின் பிற பெரிய நிலையங்கள்.

இவை அரசின் நிலையங்கள், கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாதவை பெரிய கட்டடங்களின் அடித்தளங்களில் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்கள் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். சொந்தமாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது அவ்வனுமதியின் வழக்கமான நிபந்தனை. ஆகவே சென்னையின் வணிக வளாகங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் கார் நிறுத்துமிடத்தை ஒட்டிய ஓர் இரும்புக் கதவுக்குப் பின்னால், பகலும் இரவும் ஒருவர் பணியில் இருக்கிறார். அவருடைய பதவிப்பெயர் 'எஸ்.டி.பி. ஆபரேட்டர்'.

அவர் செய்வது நுட்பமான வேலை. உள்ளே வரும் கழிவுநீரிலிருந்து துணி, தலைமுடி, நாப்கின், நெகிழி முதலியவற்றைக் கம்பிச் சல்லடை தடுத்து நிறுத்துகிறது. மணலும் கல்லும் வேறொரு தொட்டியில் படிகின்றன. அடுத்துக் காற்றூட்டத் தொட்டி. கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் அங்கே வளர்கின்றன. அவை உயிரோடிருக்க, நீரில் கரைந்த உயிர்வளி லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஆபரேட்டர் அந்நீரை ஒரு லிட்டர் அளவுகுடுவையில் எடுத்து 30 நிமிடம் அசையாமல் வைக்கிறார். படியும் சேற்றின் உயரம், நிறம், மேலே நிற்கும் நீரின் தெளிவு ஆகியவற்றைக் கொண்டு நுண்ணுயிர்களின் நலனைக் கணிக்கிறார். பிறகு சேற்றில் எவ்வளவைத் திருப்பி அனுப்புவது, எவ்வளவை வெளியேற்றுவது என்று முடிவெடுக்கிறார். உயிரியலும் வேதியியலும் மின்னியலும் கலந்த பணி இது. இதை 'கழிவுநீர்க்காரர்' வேலை என்று சொல்லிக் கடந்துபோவதிலேயே சாதி தன் முதல் வேலையை முடித்துவிடுகிறது.

இவ்வேலை ஒழுங்காக நடக்கும்வரை எவரும் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை. இறங்க நேர்வது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: சேகரிப்புத் தொட்டியின் அடியில் மூழ்கியிருக்கும் மோட்டார் அடைத்துக்கொள்கிறது. துணியோ நாப்கினோ அதன் சுழலியில் சுற்றிக்கொள்ளும். மாற்று மோட்டார் இல்லாத கட்டடத்தில் சில மணி நேரத்தில் தொட்டி நிரம்பிவிடும். தரைத்தளக் கழிவறைகள் பொங்கும். மேலாளரின் அலைபேசி ஒலிக்கத் தொடங்கும். மோட்டாரைத் தூக்கச் சங்கிலியும் வழிகாட்டிக் கம்பிகளும் பொருத்தப்படாத இடத்தில், ஒரு மனிதர் ஏணி வைத்து இறங்குகிறார்.

அத்தொட்டியில் காத்திருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். சிறிதளவு இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஏறத்தாழ 100 பிபிஎம் அளவை எட்டினால் மூக்கின் உணர்வு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்தில்லை என்று உள்ளே இருப்பவர் நினைப்பது அப்போதுதான். 700 பிபிஎம்மைத் தாண்டினால் சில மூச்சுகளிலேயே நினைவிழந்து விழுவார். இன்னொன்றும் உண்டு. அடிச்சேற்றில் சிறைப்பட்டிருக்கும் வாயு, கால் பட்டுக் கலங்கியதும் மொத்தமாக வெளிப்படும். மேலிருந்து சோதித்தபோது பாதுகாப்பாகத் தெரிந்த தொட்டி, இறங்கிய பின் கொல்வது இவ்வாறுதான். முகத்தில் கட்டிய துணியோ சாதாரண முகக்கவசமோ இங்கே எதற்கும் உதவாது.

2022 ஏப்ரல் 21 அன்று மதுரை பழங்காநத்தம் அருகே நேரு நகரில், மாநகராட்சியின் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் பணியின்போது ஒப்பந்தத் தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். ஒருவர் விழ, காப்பாற்றச் சென்ற இருவரும் மடிந்தனர். 2019 மார்ச்சில் திருப்பெரும்புதூரை அடுத்த நெமிலியில், அடுக்குமாடிக் குடியிருப்பின் மலக்குழியில் ஆறு பேர் இறந்தனர். தந்தையும் அவருடைய இரு மகன்களும் அவர்களுள் அடக்கம். அதே ஆண்டு நவம்பரில் இராயப்பேட்டையின் வணிக வளாகம் ஒன்றில், மயங்கிய தம் சகோதரரைக் காப்பாற்ற இறங்கிய இளைஞர் இறந்தார். காப்பாற்றப் போனவரும் சாவது இம்மரணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மேலே நிற்பவரிடம் கயிறும் கவணும் சுவாசக் கருவியும் இல்லாதபோது, அவரிடம் எஞ்சியிருப்பது தம் உடல் மட்டுமே.

சட்டம் என்ன சொல்கிறது? மனிதக் கழிவுகளை மனிதரே அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாய், மலக்குழி ஆகியவற்றின் அபாயகரமான துப்புரவுக்கு எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சட்டத்தின் வரையறைகளில் கழிவுநீர்க் குழாயும் மலக்குழியும் இருக்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி பெயர் சொல்லப்படவில்லை. "இது மலக்குழி அல்ல, எஸ்.டி.பி." என்று வாதாட இடமுண்டு. அவ்வாதம் நிற்காது என்பதே நம் கருத்து. கட்டடங்களை உருவாக்கிப் பராமரிக்கும் நிறுவனங்களையும் ஒப்பந்ததாரரையும் 'முகமை' என்ற சொல்லின் வரையறைக்குள் அதே சட்டம் வெளிப்படையாகக் கொண்டுவந்திருக்கிறது. கட்டடத்துக்குள்ளேயே நடக்கும் இவ்வேலையைக் கருதாமல் அவ்வரையறை எழுதப்பட்டிருக்க முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை, சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2013ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகளோடுகூட மனிதரை இறக்கக் கூடாது என்று சொல்லும் 3ஆம் விதி, சில விதிவிலக்குகளையும் அடுக்குகிறது. அவற்றுள் ஒன்று: உறிஞ்சு கிணற்றின் அடியில் பொருத்தப்பட்ட நீர்மூழ்கி மோட்டாரை அகற்றுதல். ஆபரேட்டரைக் கொல்லும் அதே வேலை! வேறு வழியே இல்லாத பிற சூழல்களுக்கு உள்ளாட்சியின் தலைமை நிர்வாக அதிகாரி காரணத்தை எழுதி அனுமதிக்க வேண்டும் என்று கூறும் அவ்விதி, மோட்டாருக்கு அந்த எழுத்தைக்கூடக் கேட்கவில்லை. இறங்குமுன் கழிவுநீரை முழுதும் வெளியேற்ற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பழுதான மோட்டாரைத் தவிர வேறு மோட்டார் இல்லாத தொட்டியை எப்படி வெளியேற்றுவது என்று விதியை எழுதியோர் சொல்லவில்லை.

2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இறப்புக்கான இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரி 29 அன்று சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கும் துப்புரவை நிறுத்த ஆணையிட்டது. மேற்சொன்ன விதிவிலக்கு விதிகளில் நீடிக்கும்வரை, அடித்தளத்துக் கதவுக்குள் இவ்வாணை நுழைவது கடினம்.

ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தின் கீழ் 2024இல் வெளியான விவரப்படி, கணக்கெடுக்கப்பட்ட ஏறத்தாழ 38,000 கழிவுநீர், மலக்குழித் தொழிலாளருள் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஐ.டி.ஐ. அல்லது பட்டயச் சான்றுடன் 'ஆபரேட்டர்' என்ற பதவியில் சேர்ந்தவர் தம்மை இக்கணக்கில் காண்பதில்லை. இறக்கும்போதுதான் அதற்குள் வருகிறார். ஒரே நிலையத்தில் மின்பலகை முன் நிற்பவர் யார், தொட்டிக்குள் இறங்குபவர் யார் என்ற பிரிவினையைச் சாதிவாரியாக எண்ணிப் பார்க்கும் ஆய்வைக் கல்லூரி மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

களத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. மாற்று மோட்டார் இருக்கிறதா? மேலிருந்தே தூக்கும் சங்கிலியும் வழிகாட்டிக் கம்பியும் பொருத்தப்பட்டுள்ளனவா? பல்வாயு அளவி வேலை செய்கிறதா, கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்யப்பட்டது? இரவுப் பணியில் இருப்பவர் தனியாளா? பராமரிப்பு ஒப்பந்தத்தில் 'தொட்டி சுத்தம் செய்தல்' யாருடைய பொறுப்பாக, என்ன சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது? அடுக்குமாடிக் குடியிருப்பாயின் இவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது குடியிருப்போர் சங்கம். அதன் ஆண்டுப் பொதுக்குழுவில் இக்கேள்விகளை எழுப்ப அங்கு வீடு வைத்திருக்கும் எவருக்கும் உரிமை உண்டு.