ப்ளென்ஹைம் ஆப்ரிகாட்: கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தின மரம்

உங்கள்ல பல பேரோட பிள்ளைங்க சன்னிவேல், கூப்பர்டினோன்னு இருப்பாங்க. இன்னிக்கு சிலிக்கான் பள்ளத்தாக்குன்னு சொல்ற அந்த சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு, நூறு வருசத்துக்கு முன்னாடி பழத்தோட்டம். அங்க பேர் வாங்கின ஆப்ரிகாட் ரகம் ப்ளென்ஹைம்.

அது அந்த மண்ணுல பிறந்த மரம் இல்லை. இங்கிலாந்துல ப்ளென்ஹைம் அரண்மனைத் தோட்டக்காரரோட மகள் வளர்த்தெடுத்தது. பாரிஸ் லக்சம்பர்க் தோட்டத்து 'ராயல்' ரகமும் கலிபோர்னியாவுக்குப் போச்சு. நர்சரிகள்ல ரெண்டும் கலந்து, எது எதுன்னு பிரிக்க முடியாம 'ராயல் ப்ளென்ஹைம்'னே விக்க ஆரம்பிச்சாங்க. நர்சரிக்காரங்க எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

மரம் நல்லாக் காய்க்கும். தன் மகரந்தத்துலயே காய் பிடிக்கும், பக்கத்துல வேற ரகம் வேண்டாம். பிஞ்சைக் கலைச்சு விடலைன்னா பழம் சிறுத்துடும். இதோட விசேஷம், பழம் உள்ளேயிருந்து வெளியே பழுக்கும். காம்புப் பக்கம் பச்சை இருக்கும்போதே உள்ளே கனிஞ்சிருக்கும். இனிப்போட புளிப்பும் சேர்ந்து நிக்கும், வாசனையும் தூக்கும். ஆனா கை பட்டாலே நசுங்கும், லாரிக்குத் தாங்காது. அதனால பெரும்பாலும் உலர்த்தினாங்க. கோடை லீவுல பெண்களும் பிள்ளைகளும் கொட்டகையில உக்காந்து பழத்தை ரெண்டாக் கீறி, கொட்டை எடுத்து, மரத்தட்டுல அடுக்குவாங்க. கந்தகப் புகை காட்டி வெயில்ல வைப்பாங்க. அஞ்சாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ வத்தல் தேறும்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு வீட்டு மனை வந்தது, பின்னாடியே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள். நிலவரியை விளைச்சல் பார்த்துப் போடாம மனை விலை பார்த்துப் போட்டாங்க. விவசாயி எத்தனை நாள் தாங்குவான்? விவசாய நிலத்துக்கு வரியைக் குறைக்க 1965-ல சட்டம் வந்தது. அதுக்குள்ள நிறைய மரம் சாய்ஞ்சாச்சு. ஆப்ரிகாட் சாகுபடி சான் வாக்கீன் பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. அங்க பேட்டர்சன்னு ஒரு ரகம் மேலே வந்தது. கெட்டியான பழம், காய்ப்பு அதிகம், பயணம் தாங்கும், ருசி மட்டும் ஒரு படி கீழே. நாட்டுத் தக்காளி கதையேதான். துருக்கியிலேர்ந்து விலை குறைஞ்ச உலர்பழமும் வந்து இறங்குச்சு.

இப்ப சன்னிவேல்லயும் லாஸ் ஆல்டோஸ்லயும் நகராட்சி இடத்துல கொஞ்சம் ப்ளென்ஹைம் மரங்களைக் காப்பாத்தி வச்சிருக்காங்க. கூப்பர்டினோவுல ஆப்பிள் கம்பெனி தன் புது வளாகத்துல ஆப்ரிகாட் கன்னு வாங்கி நட்டிருக்கு. ஒரு காலத்துல தோட்டமா இருந்த பகுதி அது!

அங்க ஜூன் கடைசியில உழவர் சந்தைக்குப் போற பிள்ளைங்ககிட்டச் சொல்லி வையுங்க, ப்ளென்ஹைம்னு எழுதியிருந்தா காம்புப் பக்கம் பச்சையா இருக்குன்னு ஒதுக்க வேண்டாம். வாங்கினா அன்னிக்கே சாப்பிட்டுடணும்.