கூலிக் கணக்கு – 7: அந்த 56 நிமிடம் யாருடையது?

சின்சினாட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். கூடுதலாக எத்தனை நிமிடம் உழைத்தோம் என்பதைத் தொழிலாளிதான் துல்லியமாக நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓவர்டைம் கிடையாது என்றது அது. மிச்சிகன் மாநிலம் மவுண்ட் கிளெமன்ஸ் பீங்கான் ஆலையில் வேலை செய்த ஏழு பேருக்கும் அவர்கள் சங்கத்துக்கும் மிஞ்சியிருந்த வாசல் ஒன்றே ஒன்று: வாஷிங்டன் உச்ச நீதிமன்றம்.

அங்கே போகும் முன், ஒரு பஞ்சிங் கார்டைப் பார்த்துவிடுவோம். காலை 6.46-க்கு உள்ளே, மதியம் 12.14-க்கு வெளியே. மறுபடி 12.46-க்கு உள்ளே, மாலை 4.14-க்கு வெளியே. கூட்டினால் 8 மணி 56 நிமிடம். கம்பெனி கூலி எழுதியது 8 மணிக்கு. உள்ளே வந்த நேரத்தை அடுத்த கால் மணிக்குத் தள்ளுவார்கள். வெளியேறிய நேரத்தை முந்தைய கால் மணிக்கு இழுப்பார்கள். இரண்டு முனையிலும் நஷ்டம் தொழிலாளிக்கே.

கம்பெனி வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு கடிகாரத்துக்குச் சுமார் 200 பேர்; நிமிடத்துக்கு 25 பேர்தான் பஞ்ச் அடிக்க முடியும். வரிசை நகரவே 8 நிமிடம் ஆகிவிடும். கார்டில் இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் ஆகாது. ஆனால் அதன் பிறகு? சிலர் 890 அடி வரை நடந்து தங்கள் இடத்துக்குப் போக வேண்டும். மேலங்கி கட்டி, கையில் கிரீஸ் தடவி, விரல்களுக்கு உறை மாட்டி, விளக்கையும் இயந்திரத்தையும் போட்டு, கருவிகளைத் தீட்டிவைக்க வேண்டும். இதெல்லாம் யாருக்காக?

1946 ஜூன் 10. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி. இதே மிச்சிகனின் கவர்னராக இருந்தபோது, ஃபிளின்ட் கார் ஆலைக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தவர்களைப் படையை ஏவி விரட்ட மறுத்தவர். ஐவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். தொழிலாளர்கள் வென்றார்கள்.

வென்றதைவிட, வென்ற காரணம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை நேரத்தைப் பதிந்து வைப்பது முதலாளியின் கடமை. அதைச் சரியாகச் செய்யாதவர், தொழிலாளியைப் பார்த்து ஆதாரம் எங்கே என்று கேட்க முடியாது என்றார் மர்ஃபி. பற்று நோட்டைக் கடைக்காரரே வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரிடம் பைசா சுத்தமாகக் கணக்குக் கேட்டால் எப்படி? கூலியில்லாமல் உழைத்ததையும், ஏறத்தாழ எவ்வளவு நேரம் என்பதையும் நியாயமாக ஊகிக்கும் அளவுக்குத் தொழிலாளி காட்டினால் போதும். அதை மறுக்கும் பொறுப்பு முதலாளியுடையது. முடியாவிட்டால், கணக்கு உத்தேசமானது என்றாலும் பணம் கொடுத்தே ஆகவேண்டும். 2016-இல் அயோவா இறைச்சி ஆலைத் தொழிலாளர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைத்தான் எடுத்து நிறுத்தியது.

தீர்ப்பு வந்ததும் நாடெங்கும் சங்கங்கள் விழித்துக்கொண்டன. வாசலிலிருந்து இயந்திரம் வரை நடந்த நேரத்துக்குக் கூலி கேட்டு, 1947 ஜனவரிக்குள் 1,900-க்கும் மேற்பட்ட வழக்குகள். கேட்ட தொகை 500 கோடி டாலரைத் தாண்டியது. முதலாளிகள் நாடாளுமன்றத்துக்கு ஓடினார்கள். நவம்பர் தேர்தலில் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கைக்கு வந்திருந்தன. பழைய பாக்கியையும் சேர்த்து ஒரே வீச்சில் துடைத்தெறியும் மசோதா தயாராகிக்கொண்டிருந்தது.

அது போதாதென்று தீர்ப்புக்குள்ளேயே ஒரு கண்ணி. சில விநாடிகளோ நிமிடங்களோ மட்டும் என்றால், அற்பமென்று ஒதுக்கிவிடலாம் என்று மர்ஃபியே எழுதியிருந்தார். நடையும் ஆயத்தமும் எத்தனை நிமிடம் என்று அளக்கும் வேலை, முதலில் தொழிலாளர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த அதே மாவட்ட நீதிபதி ஃபிராங்க் பிக்கார்டிடம் திரும்பி வந்தது. எத்தனை நிமிடம் வரை அற்பம்? 1947 பிப்ரவரியில் பிக்கார்ட் தன் பதிலை எழுதினார்.

(அடுத்த வாரம்: பிக்கார்டின் பதில்)